ஏ.எம்.எச் 0.8 என்றால் பிள்ளை கிடையாது என்று அர்த்தமா?

சாவகச்சேரியிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை, பின்னால் வாசிக்க வருகிறவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வயது 34. மணமாகி மூன்றரை ஆண்டுகள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. அண்மையில் செய்த குருதிப் பரிசோதனையில், சூலகத்தின் முட்டைத் தொகையை ஊகிக்க அளக்கும் ஏ.எம்.எச் என்ற ஓமோன் 0.8 நனோகிராம் என்று வந்திருக்கிறது. அந்த எண்ணைக் கேட்ட சென்னைச் சிகிச்சை நிலையம் ஒன்று, முட்டை தீர்ந்துகொண்டு வருகிறது, இரண்டு மாதத்துக்குள் வந்துவிடுங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருக்கிறது. அவருடைய குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மாவைச் சூலகத்துக்குள் ஊசியால் ஏற்றி முட்டையைக் கூட்டிவிட்டு, அதன்பின் சோதனைக்குழாய் முறைக்குப் போகலாம் என்று மொத்தச் செலவுக்கணக்கும் அனுப்பியிருக்கிறது. தோட்டக்காணியை ஈடுவைப்பதா, கனடாவில் இருக்கும் தமையனிடம் கேட்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம். சூலகத்தில் புதிதாக முட்டையை உண்டாக்க ஆராய்ச்சியில் வழி வந்துவிட்டதா என்பதுதான் அவர் எழுத்தில் கேட்டது. எனக்கு விளங்கிய அளவில் அவர் உண்மையில் கேட்பது வேறு: இந்த எண் எனக்குப் பிள்ளை கிடையாது என்று சொல்கிறதா, எனக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது?

நான் வைத்தியர் இல்லை. பதினொரு ஆண்டுகள் ஓமோன் பரிசோதனைக் கூடத்திலும், பின்னர் எட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் முளையங்களைப் பேணும் ஆய்வுகூடத்திலும் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். ஆகவே எண்களைப் பற்றியும் முட்டைகளைப் பற்றியும் ஓரளவு துணிந்து பேசுவேன். எந்த மருந்து, எந்த அளவில் என்பதை உங்களை நேரில் பார்க்கும் பெண்நோயியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். 0.8 என்பது குறைவான எண்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு இதுவரை பிள்ளை தங்காததற்கு அந்த எண்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் மிகவும் மெலிந்தது. காரணத்தைத் தேடாமல் எண்ணைக் கூட்டக் காசு கட்டுவதுதான் இப்போது நடக்கப் பார்க்கிறது. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன: 27 வயதில் இடப்பக்கச் சூலகத்தில் சொக்லேட் கட்டி ஒன்றை வெட்டியெடுத்தது, கணவருக்கு மூன்று வருடத்துக்கு முன் பரிசோதித்து ‘நோர்மல்’ என்று வந்தது. எனக்கு அந்த 0.8ஐ விட இந்த இரண்டு வரிகளே கண்ணில் உறுத்தின.

ஏ.எம்.எச் என்பது அன்ரி முலேரியன் ஓமோன். இதன் கதை பெண்ணின் முட்டையில் தொடங்கியதே இல்லை. 1940களின் பிற்பகுதியில் பாரிசில் அல்பிரட் ஜோஸ்ற் என்ற ஆய்வாளர் முயற்கருக்களில் சோதனை செய்தபோது, ஆண் கருவின் விதை சுரக்கும் ஏதோ ஒரு பொருள், கருப்பையாகவும் பலோப்பியன் குழாயாகவும் வளர வேண்டிய கான்களைக் கரைத்துவிடுகிறது என்று கண்டார். அந்தப் பொருள்தான் இது. மாடு வளர்த்த வீடுகளில் பழைய ஆட்களுக்கு இதன் விளைவு ஒன்று தெரிந்திருக்கும். பசு நாம்பனும் நாகுமாக இரட்டைக் கன்று போட்டால் அந்த நாகு பெரும்பாலும் சினைப்படாது; வயிற்றுக்குள் இரண்டு கன்றுகளின் குருதியும் கலப்பதால் நாம்பனின் ஓமோன் நாகின் உறுப்புகளைக் குலைத்துவிடுகிறது. வளர்ந்த பெண்ணின் உடலில் அதே ஓமோனுக்கு வேறு வேலை. ஒவ்வொரு முட்டையையும் சூழ்ந்திருக்கும் புடைப்பு வளரத் தொடங்கும் கட்டத்தில் அதன் கலங்கள் ஏ.எம்.எச்சைச் சுரக்கின்றன, புடைப்புப் பெருத்ததும் சுரப்பு அடங்கிவிடுகிறது. எனவே குருதியில் நாங்கள் அளப்பது, இப்போது வளரத் தொடங்கியிருக்கும் சிறு புடைப்புகளின் தொகையை. முற்றத்தில் காயப்போட்டிருக்கும் நெல்லைப் பார்த்துக் கொட்டிலுக்குள் எவ்வளவு மூட்டை இருக்கும் என்று ஊகிப்பது போன்றது அது. ஊகம் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் அந்த நெல்லில் எத்தனை பதர் என்பதை முற்றம் காட்டித் தராது.

எண்ணைப் பேசமுன் அலகைப் பார்க்க வேண்டும். நான் திரும்பி வந்த அடுத்த வருடம், தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று இரண்டு துண்டுகளோடு வீட்டுக்கு வந்தது. ரொறன்ரோவில் இருந்தபோது எடுத்த அறிக்கையில் ஏ.எம்.எச் 6.1, நான்கு மாதம் கழித்து இங்கே எடுத்ததில் 0.9. நான்கு மாதத்தில் ஏழில் ஒரு பங்காகிவிட்டது என்று அந்தப் பிள்ளை இரண்டு கிழமையாக நித்திரை கொள்ளவில்லை. துண்டுகளை மேசையில் பக்கத்துப்பக்கமாக வைத்து, எண்ணுக்குப் பின்னால் சின்ன எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினேன். கனடாத் துண்டு லீற்றருக்குப் பிக்கோமோல். இங்குள்ளது மில்லிலீற்றருக்கு நனோகிராம். ஒரு நனோகிராம் 7.14 பிக்கோமோலுக்குச் சமம். 6.1ஐ அதால் பிரித்தால் ஏறக்குறைய 0.85. ஒன்றும் குறையவில்லை. இதைவிட, ஒரே குருதியை இரண்டு நிறுவனங்களின் கருவிகளில் போட்டாலும் எண் கொஞ்சம் மாறும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது பரிசோதித்தாலும் எண் இறங்கிக் காட்டும். உங்கள் 0.8 நனோகிராம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அதில் மயக்கம் இல்லை. ஆனால் 0.8க்கும் 1.0க்கும் இடையில் ஒரு வாழ்க்கையே தொங்குகிறது என்று நினைக்க வேண்டாம். அந்த இடைவெளி அளவீட்டின் ஆட்டத்துக்குள் அடங்கிப்போகும்.

இனி, இந்த எண் பிள்ளைப்பேற்றைத் தீர்மானிக்கிறதா என்பது. இதற்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. 30 முதல் 44 வயதுக்குட்பட்ட, மலட்டுத்தன்மை வரலாறு இல்லாத, இயற்கையாகக் கருத்தரிக்க முயலத் தொடங்கிய 750 பெண்களின் ஏ.எம்.எச்சை முதலில் அளந்துவைத்து, பிறகு யார் யார் கருத்தரிக்கிறார்கள் என்று பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதவிடாய்ச் சுற்றுகளுக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஏ.எம்.எச் 0.7க்குக் குறைவானவர்களிடம் 65%, சாதாரண அளவு உள்ளவர்களிடம் 62%. பன்னிரண்டு சுற்றுகளில் முறையே 84%, 75%. குறைவானவர்களின் எண் கூடத் தெரிகிறதே என்று சந்தோசப்படவும் வேண்டாம், அந்த வித்தியாசம் புள்ளிவிபரக் கணக்கில் நிற்காது. நிற்கும் முடிவு இதுதான்: ஏ.எம்.எச் குறைவு என்பதால் மட்டும் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. மாதத்துக்கு ஒரு முட்டைதானே வெளியேறுகிறது. களஞ்சியத்தில் பத்தாயிரம் இருந்தாலென்ன, ஐம்பதாயிரம் இருந்தாலென்ன. ஆனால் இங்கே நான் கவனமாக இருக்க வேண்டும். அந்த 750 பேரும் முயலத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்கள். நீங்கள் மூன்றரை வருடம் முயன்றிருக்கிறீர்கள். பாதுகாப்பின்றிச் சேர்ந்திருந்து 12 மாதத்தில் கரு தங்காவிட்டால், 35 வயதைக் கடந்தவர் என்றால் 6 மாதத்தில், காரணம் தேடத் தொடங்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட நடைமுறை. ஆகவே 65%, 84% என்ற எண்களை உங்கள் கணக்கில் நான் எழுத முடியாது. அந்த ஆய்விலிருந்து உங்களுக்கு நான் எடுத்துத் தரக்கூடியது ஒன்றுதான்: தடை எங்கோ இருக்கிறது, அது முட்டையின் தொகையாக இருப்பதற்கான சாத்தியம் குறைவு.

தொகை என்றால் என்ன, தரம் என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கும்; பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம்; பெரிய பிள்ளையாகும்போது மூன்று நான்கு இலட்சம். வாழ்நாளில் வெளியேறுவது நானூறு ஐந்நூறுதான். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகின்றன. இது நோய் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் நடப்பது. உங்களிடம் இன்று இருக்கும் முட்டை ஒவ்வொன்றும், 1990களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணம் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் இருந்த காலத்தில், உங்கள் அம்மாவின் வயிற்றில் நீங்கள் இருந்தபோதே உருவாகி, நிறமூர்த்தங்களின் தொகையை அரைவாசியாக்கும் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கிப் பாதியில் நின்றது. அந்த நிறுத்தத்தில் நிறமூர்த்தங்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருப்பது கோகேசின் என்ற புரதம். அந்தக் கட்டு முப்பது நாற்பது வருடத்தில் மெல்லத் தளர்கிறது. முட்டை கடைசியாகப் பிரியும்போது நிறமூர்த்தம் ஒன்று கூடியோ குறைந்தோ போய்விட, கரு ஒட்டாமலோ ஒட்டிக் கலைந்தோ போகிறது. வயதேறக் கருச்சிதைவு கூடுவதற்கான பெரிய காரணம் இது. இதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

முட்டை எடுக்கும் நாளில், புடைப்பிலிருந்து உறிஞ்சிய திரவம் இளஞ்சூட்டோடு குழாயில் கைக்கு வரும். அதைத் தட்டில் ஊற்றி நுணுக்குக்காட்டியின் கீழ் மெதுவாகச் சரித்தால், நுங்கின் சதையை விரலால் வழித்தெடுத்தாற்போலத் தெளிந்த சளித்துளி ஒன்று உருளும். அதன் நடுவில், ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்காக, முட்டை. ஏ.எம்.எச் கூடியவர்களிடம் இப்படிப் பதினைந்து துளி கிடைக்கும் நாளும் உண்டு; உங்களைப் போன்ற அளவு உள்ளவர்களிடம் மூன்று, நான்கு, சில நாள் ஒன்று. ஆனால் 34 வயதுக்காரரின் முட்டையையும் 42 வயதுக்காரரின் முட்டையையும் அந்தத் தட்டில் வைத்து, பெயர்த்துண்டைப் பாராமல், என்னால் ஒருபோதும் பிரித்தறிய முடிந்ததில்லை. வித்தியாசம், முளையம் வளர்ந்து ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் கணக்கில் வரும். பிரித்தானியாவில் இந்தச் சிகிச்சைகளை மேற்பார்வை செய்யும் அரச அமைப்பு வெளியிட்ட 2019ஆம் ஆண்டுக் கணக்கில், கருப்பைக்குள் வைத்த முளையம் ஒன்றுக்குப் பிள்ளை பிறந்த வீதம் 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் 32%, 40 முதல் 42 வயதுவரை உள்ளவர்களிடம் 11%. உங்கள் வயது இன்னும் முதற் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏ.எம்.எச் சொல்லக்கூடியது, சோதனைக்குழாய் முறைக்காக ஓமோன் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை. ஒரு தடவையில் முடியாமல் இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம் என்பதை. இரண்டாவது மூன்றாவது பிள்ளை பற்றிய யோசனை இருந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதை. அதற்கு மேல் அதன் வாயில் சொல் வைத்துப் பேசுகிறார்கள்.

இப்போது அந்தச் சொக்லேட் கட்டிக்கு வருகிறேன். சூலகத்தில் வரும் சொக்லேட் கட்டி என்பது எண்டோமெற்றியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே குடியேறி, மாதாமாதம் அங்கேயும் கசிந்து, பழைய குருதி பையாகத் தேங்குவது. அந்தக் கட்டியே சூலகத்தின் நல்ல பகுதியைக் கெடுக்கும். அதன் சுவரை உரித்தெடுக்கும் சத்திரசிகிச்சையில் சுவரோடு ஒட்டியிருக்கும் முட்டைகளும் சேர்ந்து போகும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஏ.எம்.எச் விழுகிறது என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் 0.8க்கு இது ஒன்றே போதுமான விளக்கமாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் முட்டைகள் வேகமாகத் தீர்ந்துகொண்டு போகவில்லை, ஏழு வருடத்துக்கு முன் ஒரு தடவை ஒரு பங்கு போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கதைகள். அந்த வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் காட்டைத் தேடியெடுங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பில் குழாய்கள் எப்படி இருந்தன, குடலோடு ஒட்டுகள் இருந்தனவா என்று எழுதியிருப்பார்கள்; இப்போதைய நிபுணருக்கு அந்த ஒரு தாள் புதிதாக எடுக்கும் மூன்று ஸ்கானுக்குச் சமம். மீண்டும் சிறு கட்டி தெரிகிறது, அதையும் எடுத்துவிட்டுத்தான் சோதனைக்குழாய் முறைக்குப் போக வேண்டும் என்று யாரும் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022 வழிகாட்டல் அதை வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை.

எண்டோமெற்றியோசிஸ் ஏன் வருகிறது என்பதில்தான் ஆராய்ச்சி இன்னும் தடுமாறுகிறது. மாதவிடாய்க் குருதி குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால் வருகிறது என்று 1920களில் சாம்சன் என்ற அமெரிக்க வைத்தியர் சொன்னார். அந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மற்ற ஒன்பது பேருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு முழுப் பதில் இல்லை. 2023இல் 60,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவை வைத்துச் செய்த பெரும் ஆய்வு, தொடர்புடைய 42 இடங்களைக் கண்டது. அவற்றில் சில, நாட்பட்ட வலியோடு தொடர்புடைய இடங்களாகவும் இருந்தன. அதே வருடம் ஜப்பானின் நகோயாவில், நோயுள்ள பெண்களில் 64 வீதமானோரின் கருப்பைச் சவ்வில் ஃபியூசோபக்ரீரியம் என்ற பக்ரீரியா இருந்ததாகவும், எலிகளில் நுண்ணுயிர்கொல்லி கொடுத்தபோது புண்கள் குறைந்ததாகவும் எழுதினார்கள். முதலாவது உறுதியான அத்திவாரம். இரண்டாவது, மற்ற நாடுகளில் வேறு குழுக்களும் கண்டால் மட்டுமே நம்பத் தொடங்கலாம். இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் அன்ரிபயோற்றிக் வாங்கிப் போடுகிறவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் குழாய்களைப் பார்த்ததாக எங்கும் இல்லை. எண்டோமெற்றியோசிஸ் இருந்த ஒருவருக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். ஒட்டுகளால் குழாய் மடங்கியோ அடைத்தோ இருந்தால், முட்டை நூறு இருந்தும் விந்தைச் சந்திக்காது. கருப்பை வழியாகச் சாயம் ஏற்றி எக்ஸ்றே எடுப்பது ஒரு வழி. இதில் சுவையான ஒரு விடயம் உண்டு. 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 1,119 பெண்களுக்குப் பாதிப்பேருக்கு நீர்ச்சாயமும் பாதிப்பேருக்கு அயடீன் சேர்த்த கசகசா எண்ணெய்ச் சாயமும் ஏற்றினார்கள். பரிசோதனைக்காக ஏற்றியதுதான். ஆறு மாதத்துக்குள் கரு தங்கி உயிருடன் பிள்ளை பெற்றவர்கள் எண்ணெய்க்காரரில் 38.8%, நீர்க்காரரில் 28.1%. குழாய்க்குள் இருந்த சளியைக் கழுவிவிட்டதா, எண்ணெய் வேறு ஏதும் செய்ததா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் எண்டோமெற்றியோசிஸ் உள்ளதாகத் தெரிந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நியூசிலாந்தில் 2004இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் அவர்களையும் சேர்த்து நல்ல பயன் கண்டார்கள், ஆனால் எல்லாமாக 158 பேர்தான். அதை வைத்து உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன்; உங்கள் நிபுணரிடம் கேட்கத்தக்க கேள்வி என்று மட்டும் சொல்வேன். அந்த எண்ணெயில் அயடீன் அதிகம் என்பதால் தைரொயிட் பரிசோதனையை முன்னரே செய்துகொள்ள வேண்டும்.

இனி, நீங்கள் எழுத்தில் கேட்ட கேள்வி. புதிய முட்டையை உண்டாக்க முடியுமா? முடியாது என்பதே 1950களிலிருந்து பாடப்புத்தகத்தில் இருந்தது. 2004இல் ஜொனதன் ரில்லி என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, வளர்ந்த எலியின் சூலகத்தில் முட்டையை உண்டாக்கும் மூலக்கலங்கள் இருப்பதாக அறிவித்தது. 2012இல் மனிதச் சூலகத்திலும் கண்டதாகச் சொன்னது. அப்போது நான் ஓமோன் கூடத்தில் இருந்தேன்; மதியச் சாப்பாட்டு மேசையில் சண்டைபோடாத குறையாக விவாதித்தோம். 2020இல் சுவீடனில் மனிதச் சூலகப் புறணியைக் கலம் கலமாகப் பிரித்துப் படித்தபோது, அப்படிப்பட்ட மூலக்கலம் எதுவும் அகப்படவில்லை. இன்றைய நிலையில் பெரும்பாலானோர் இரண்டாவது பக்கம்தான் நிற்கிறார்கள், நானும் அங்கேதான். வேறொரு பாதையில், ஜப்பானிய ஆய்வாளர் ஹயாஷியின் குழு 2016இல் எலியின் மூலக்கலத்திலிருந்து முழு முட்டையையும் தட்டிலேயே வளர்த்துக் குட்டியும் எடுத்துக் காட்டியது. மனிதரில் அது முட்டையின் ஆரம்பக் கலங்களைத் தாண்டிச் சிகிச்சையாக வரவில்லை. உறங்கும் புடைப்பை எழுப்பும் முயற்சியும் உண்டு: 2013இல் ஜப்பானிய ஆய்வாளர் கவாமுராவின் குழு, இளவயதிலேயே சூலகம் ஓய்ந்துபோன பெண்களின் சூலகத்தை எடுத்துத் துண்டாக்கி, மருந்தூட்டி, திரும்ப வைத்து, ஒரு பிள்ளை பிறந்ததை அறிவித்தது. அது கடுமையான நோய்க்கு, சில கைகளில், அரிதாகப் பலித்த ஒன்று. மாதவிடாய் ஒழுங்காக வரும் உங்களுக்கு உரியதில்லை.

பிளாஸ்மா ஊசி இவற்றுக்கும் கீழே நிற்கிறது. கையில் குருதி எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைச் சூலகத்துக்குள் ஏற்றுவது. அதில் வளர்ச்சிக்காரணிகள் இருக்கின்றன, ஆகவே உறங்கும் முட்டைகள் எழும்பும் என்பது கருத்து. கருத்து அழகானது. சிகிச்சைக்குப் பிறகு ஏ.எம்.எச் கூடியது, கரு தங்கியது என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் இல்லாதவை. எண் மிகவும் இறங்கிய மாதத்தில்தான் ஆட்கள் வருவார்கள், அடுத்த மாதம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது கொஞ்சம் ஏறும். சீட்டுப்போட்டுப் பிரித்து ஒப்பிட்ட சிறிய சோதனை ஒன்று 2024இல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கு முதிர்ந்த முட்டைகள் கூடவில்லை. அதற்கு முந்திய வருடமே, மேலே சொன்ன ஐரோப்பியச் சங்கம் இதைச் சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்ற பக்கம் நின்றது. எங்கள் துறைக்கு இது புதிதும் இல்லை. முளையம் வைக்குமுன் கருப்பைச் சவ்வைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று பல வருடம் உலகம் முழுக்கச் சுரண்டினார்கள், நான் வேலை செய்த இடத்திலும். 2019இல் 1,364 பெண்களை வைத்துச் செய்த சோதனையில், சுரண்டியவர்களில் பிள்ளை பிறந்தது 26.1%, சுரண்டாதவர்களிலும் 26.1%. தசம் வரை ஒன்று. அந்தத் தாளைப் பார்த்த நாள், காசு கொடுத்து அந்த வலியைத் தாங்கிக்கொண்டு போன முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இதை வாசிக்கும் வேறு சிலருக்கு ஏ.எம்.எச் 8, 10 என்று இருக்கும், அவர்கள் நிம்மதியடையவும் வேண்டாம். அது பி.சி.ஓ.எஸ் எனப்படும் நிலையின் அறிகுறியாக இருக்கலாம். கம்பஹாவில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களில் 6.3 வீதமானோருக்கு அது இருந்தது. அங்கே முட்டை நிறைய, வெளியேறுவதுதான் சிக்கல்; மார்பகப் புற்றுநோய் மருந்தாக வந்த லெற்றோசோல் அதற்குப் பழைய மருந்தான குளோமிஃபீனைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2014இல் 750 பெண்களில் காட்டினார்கள்: பிள்ளை பிறந்தது 27.5%, பழைய மருந்தில் 19.1%. அவர்களுடைய பிரச்சினைக்குச் செலவும் குறைவு, வழியும் தெளிவு.

உங்கள் விடயத்தில், என் தங்கை கேட்டிருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். இரண்டு மாதக் கெடுவை விடுங்கள், ஆனால் இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்பதற்கும் இடம் இல்லை. குழாய்களையும் தைரொயிட்டையும் பார்ப்பதும், நிபுணரிடம் பழைய டயக்னோசிஸ் காட்டோடு போவதும் ஓரிரு மாதத்துக்குள் முடிக்கக்கூடியவை, யாழ்ப்பாணத்திலேயே தொடங்கலாம். குழாய் அடைத்திருந்தால், அல்லது வேறு தடை இல்லாமலே இத்தனை வருடம் தங்கவில்லை என்றால், சோதனைக்குழாய் முறைக்குப் போவது நியாயமான முடிவு. 34இல் போவது 37இல் போவதைவிட நல்லது. கொழும்போ சென்னையோ, நிலையத்திடம் கேட்க வேண்டியது, உங்கள் வயதில், ஏ.எம்.எச் 1க்குக் கீழ் உள்ளவர்களில், சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீடு போனார்கள் என்பதை. ‘பொசிற்றிவ்’ வந்த கணக்கைச் சொல்வார்கள். அது வேறு கணக்கு. செலவுக்கணக்கில் பிளாஸ்மா ஊசியை அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள், அந்தப் பணம் இரண்டாவது தடவை முட்டை எடுக்கத் தேவைப்படலாம். தோட்டக்காணியைப் பற்றி நான் சொல்ல உரிமை இல்லை. ஃபோலிக் அமிலத்தை இன்றே தொடங்கலாம், அதற்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னர், கணவரின் பரிசோதனை. பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண்பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் மனைவிக்கு ஐந்து ஸ்கான் எடுத்த பிறகுதான் கணவருக்கு ஒரு போத்தல் கொடுக்கிறார்கள். விந்து உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம். மூன்று வருடத்துக்கு முன் வந்த ‘நோர்மல்’ அந்த நேரத்து விந்துக்கு உரியது. அதன் பிறகு அவருக்குச் சீனி வருத்தம் கண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது விந்தைப் பாதிக்கக்கூடியது. விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்தாக வேண்டும். பழுதாகிவிடும் என்று சிலர் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள், அப்படிச் செய்தால் அசைவெல்லாம் குறைந்து பொய்யான முடிவு வரும். சட்டைப்பைக்குள், உடற்சூட்டில் கொண்டுவர வேண்டும். சாவகச்சேரியிலிருந்து ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநின்று வந்து சேர நேரம் போய்விடும். ஆகவே அங்கேயே எடுத்துக் கொடுக்க அறை இருக்கிறதா என்று ஆய்வுகூடத்துக்கு முதலே தொலைபேசியில் கேட்டுவிட்டு, காலையில் போகச் சொல்லுங்கள்.